வகைக்கெழுச் சமன்பாடுகளும் தொடர்களும்: வாக்கியமாக வாசித்துப் படிப்படியாகத் தீர்க்க ஒரு முழு வழிகாட்டி

கல்லூரி இரண்டாம் ஆண்டில் வகைக்கெழுச் சமன்பாடுகளை, அதாவது ஒன்று மாறும் வேகத்தைப் பற்றிச் சொல்லும் சமன்பாடுகளை, படித்தபோது, கணக்கின் வகையைக் கண்டுபிடிப்பதுதான் படிப்பு என்று நினைத்திருந்தேன். மாறிகளைப் பிரிக்க முடிகிறதா, இந்த வழி. நேரியலா, அந்த வழி. வலப்பக்கத்தில் சைன் இருக்கிறதா, அதற்கொரு சூத்திரம். தேர்வுக்கு அது ஓரளவு கைகொடுத்தது. அடுத்த பருவத்தில் அதே சமன்பாடு அதிர்வுகள் பாடத்திலும் மின்சுற்றுப் பாடத்திலும் வேறு எழுத்துகளில் வந்து நின்றபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. பிற்பாடு ஜூனியர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோதும் இதையேதான் பார்த்தேன். திணறுகிறவர்களுக்கு வகையிடலும் தொகையிடலும் நன்றாகவே வருகின்றன. இந்தச் சமன்பாடு என்ன சொல்கிறது என்று கேட்டால்தான் மௌனம்.

அதனால் இந்த வழிகாட்டியை ஒரு பழக்கத்தைச் சுற்றியே எழுதியிருக்கிறேன். தீர்க்க உட்காரும் முன் சமன்பாட்டை ஒரு வாக்கியமாக வாய்விட்டுச் சொல்லுங்கள். இங்கே எல்லாச் சமன்பாடுகளையும் சொற்களில் எழுதியிருப்பதும் அதற்காகத்தான். பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் உங்கள் பாடப்புத்தகக் குறியீட்டில் நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள். பாதிப் பயிற்சி அதிலேயே முடிந்துவிடும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிளஸ் டூவில் படித்ததில் ஐந்து விஷயங்கள் தடங்கலில்லாமல் வர வேண்டும். அடுக்குக்குறிச் சார்பை வகையிட்டால் அதே சார்பு ஒரு மாறிலி மடங்காகத் திரும்பி வரும். சைனை இரண்டு முறை வகையிட்டால் குறி மாறிய சைன் வரும். மற்ற மூன்று: பகுதித் தொகையிடல், பகுதிப் பின்னங்கள், கலப்பெண் மூலங்கள் வரும் இருபடிச் சமன்பாடு. முதல் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஆனால் பாடம் முழுவதும் அந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது. 'வகையிட்டாலும் உருவம் மாறாத சார்பு எது?' என்ற கேள்வி கடைசிப் பக்கம் வரைக்கும் கூடவே வரும்.

படி 1: ஆறுகிற காபியில் தொடங்குங்கள்

டம்ளரில் 80 டிகிரி சூட்டில் காபி இருக்கிறது. அறை 30 டிகிரி. நியூட்டனின் குளிர்தல் விதி இது:

வெப்பநிலை குறையும் வேகம் = மாறிலி × (காபியின் வெப்பநிலை − அறையின் வெப்பநிலை)

வாக்கியமாகச் சொன்னால், 'அறையைவிட எவ்வளவு சூடோ அவ்வளவு வேகமாக ஆறும்.' இதைச் சொன்ன உடனே, ஒரு வரிகூடத் தொகையிடாமல் மூன்று முடிவுகளுக்கு வந்துவிடலாம். தொடக்கத்தில்தான் வேகமாக ஆறும். போகப்போக அந்த வேகம் தணியும். 30 டிகிரிக்குக் கீழே ஒருபோதும் போகாது. இந்த மூன்றையும் வைத்து முதலில் வளைகோட்டைக் கையால் வரையுங்கள். பிறகு கணக்குப் போட்டு வரும் விடை அந்தப் படத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், தவறு எங்கோ குறியில் இருக்கிறது.

இப்போது எண்கள். 5 நிமிடம் கழித்து காபி 60 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அறையோடு இருந்த வித்தியாசம் 50இலிருந்து 30 ஆகியிருக்கிறது, அதாவது 0.6 மடங்கு. சமன்பாட்டில் இருப்பது வித்தியாசம் மட்டும்தான், நேரம் தனியாக எங்கும் வரவில்லை. ஆகவே அடுத்த ஒவ்வொரு 5 நிமிடத்திலும் அதே 0.6 மடங்குதான். 10 நிமிடத்தில் வித்தியாசம் 18, காபி 48 டிகிரி. 15 நிமிடத்தில் வித்தியாசம் 10.8, காபி 40.8 டிகிரி. 7 நிமிடத்தில் எவ்வளவு என்று கேட்டால்தான் மடக்கை தேவைப்படும். மாறிலி நிமிடத்துக்கு 0.102 வரும். அதன் தலைகீழ் 9.8 நிமிடம், அதுதான் காலமாறிலி.

மின்தேக்கி மின்னேற்றம் பெறும் சுற்றுக்கும் இதே வாக்கியம்தான். 10 கிலோ ஓம் மின்தடை, 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி என்றால் பெருக்குத்தொகை 1 வினாடி, அதுதான் இங்கே காலமாறிலி. 5 காலமாறிலி கடந்தால் 99.3 சதவீதம் நிரம்பிவிடும். ஆய்வகத்தில் எல்லோரும் '5 மடங்கு காத்திரு' என்று சொல்வது இதனால்தான்.

படி 2: முதல் வரிசையில் இரண்டு முறைகளை ஆழமாக, மற்றவற்றை மேலோட்டமாக

மாறிகளைப் பிரித்தல், நேரியல் சமன்பாட்டுக்கான தொகையீட்டுக் காரணி. இந்த இரண்டும் கைவந்தால் முதல் வரிசையில் (ஒரு முறை மட்டும் வகையிட்ட சமன்பாடுகளில்) இயற்பியலும் பொறியியலும் கேட்பதில் பெரும்பகுதி முடிந்தது. சமபடித்தான வகை, பெர்னூலி வகை இரண்டும் ஒரு பிரதியீட்டின் மூலம் இந்த இரண்டில் ஒன்றாக மாறிவிடுபவை. தலைக்கு மூன்று கணக்கு போட்டால் போதும்.

தொகையீட்டுக் காரணியைச் சூத்திரமாகப் படித்தால் தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். ஒரு தண்ணீர்த் தொட்டியில் அதைப் பாருங்கள். 2000 லிட்டர் தொட்டியில் 1000 லிட்டர் தண்ணீர், அதில் 5 கிலோ உப்பு கரைந்திருக்கிறது. லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள தண்ணீர் நிமிடத்துக்கு 20 லிட்டர் உள்ளே வருகிறது. நன்கு கலந்த நீர் நிமிடத்துக்கு 10 லிட்டர் வெளியேறுகிறது.

உப்பு மாறும் வேகம் = உள்ளே வரும் உப்பு − வெளியே போகும் உப்பு

உள்ளே வருவது நிமிடத்துக்கு 0.02 கிலோ. தொட்டியில் உள்ள நீர் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஏறிக்கொண்டே போகிறது. எனவே வெளியே போகும் உப்பு = உப்பு ÷ (100 + நேரம்). மாறிகளைப் பிரிக்க முடியாது. இப்போது உப்பு வரும் உறுப்புகளை இடப்பக்கம் கொண்டுவந்து, இரு பக்கத்தையும் (100 + நேரம்) கொண்டு பெருக்குங்கள். இடப்பக்கம் முழுவதும் 'உப்பு × (100 + நேரம்)' என்ற ஒரே பெருக்கலின் வகைக்கெழுவாகச் சுருண்டுகொள்ளும். தொகையீட்டுக் காரணியின் வேலை அவ்வளவுதான். சிதறிக் கிடக்கும் இரண்டு உறுப்புகளைப் பெருக்கல் விதிக்குள் கொண்டுவரும் எண்ணையோ சார்பையோ தேடுகிறோம். தொகையிட்டால்:

உப்பு = 400 ÷ (100 + நேரம்) + 0.01 × (100 + நேரம்)

சரிபார்ப்போம். நேரம் 0 எனில் 4 + 1 = 5 கிலோ, சரி. தொடக்கத்தில் மாறும் வேகம், சமன்பாட்டின்படி 0.02 − 0.05 = −0.03. விடையை வகையிட்டாலும் −0.04 + 0.01 = −0.03. இந்த இரண்டு வரிகளை எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் விடைத்தாளில் இவை தரும் நம்பிக்கைக்கு ஈடில்லை.

இதே விடையில் இன்னொன்றும் கிடைக்கிறது. 100ஆவது நிமிடத்தில் உப்பு 4 கிலோவுக்கு இறங்குகிறது, அதற்குக் கீழே போவதில்லை. அதே நிமிடத்தில்தான் தொட்டி 2000 லிட்டர் நிரம்புகிறது. அதற்குப் பிறகு தண்ணீர் வழியும், நாம் எழுதிய வாக்கியம் உண்மையாக இருக்காது. ஒவ்வொரு விடைக்கும் அது எதுவரை செல்லும் என்ற எல்லையையும் சேர்த்து எழுதப் பழகுங்கள்.

தீர்வு ஒன்றுதானா என்ற தேற்றத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அடியில் ஓட்டை உள்ள குடத்தை நினைத்துப் பாருங்கள். டாரிசெல்லி விதிப்படி நீர்மட்டம் குறையும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இப்போது குடம் காலியாக இருக்கிறது. எப்போது காலியானது? 5 நிமிடம் முன்பா, நேற்றா? காலிக் குடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பூச்சியத்தில் வர்க்கமூலத்தின் சாய்வு எல்லையின்றிப் போவதால் தேற்றம் கேட்கும் லிப்ஷிட்ஸ் நிபந்தனை உடைகிறது, ஒரே நிலைக்குப் பல கடந்தகாலங்கள் வந்துவிடுகின்றன. இந்தக் குடம் நினைவில் இருந்தால் லிப்ஷிட்ஸ் நிபந்தனை எதற்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படி 3: இரண்டாம் வரிசை. இங்கே அவசரப்பட வேண்டாம்

பாடத்தின் நடுத்தூண் இதுதான். பைக்கின் ஷாக் அப்சார்பரை எடுத்துக்கொள்வோம். சுருள்வில் தாங்கும் நிறை 100 கிலோ, வில் மாறிலி மீட்டருக்கு 40,000 நியூட்டன், தணிப்பு மாறிலி 1200 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் நிறையால் வகுத்தால்:

முடுக்கம் + 12 × வேகம் + 400 × இடப்பெயர்ச்சி = 0

மூன்று உறுப்புகளும் மூன்று குணங்கள். முதலாவது நிறையின் பிடிவாதம். நடுவில் இருப்பது எண்ணெயின் தடை. கடைசியில் இருப்பது வில்லின் இழுப்பு. வகையிட்டாலும் உருவம் மாறாத அடுக்குக்குறிச் சார்பை விடையாக ஊகித்துப் போட்டால், வகைக்கெழுக்கள் மறைந்து ஓர் இருபடிச் சமன்பாடு மிஞ்சும். அதுதான் துணைச் சமன்பாடு. இங்கே மூலங்களின் மெய்ப்பகுதி −6, கற்பனைப் பகுதி ± 19.1.

மூலங்களைப் பார்த்த உடனே பொது விடையை எழுத ஓட வேண்டாம். முதலில் மூலங்களை வாசியுங்கள். மெய்ப்பகுதி எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைச் சொல்கிறது, கற்பனைப் பகுதி எவ்வளவு விரைவில் ஆடும் என்பதைச் சொல்கிறது. ஓர் ஆட்டத்துக்கு 0.33 வினாடி. அந்த நேரத்துக்குள் வீச்சு ஏறத்தாழ 14 சதவீதமாகச் சுருங்கிவிடும். வேகத்தடையில் ஏறி இறங்கிய பைக் ஒரு குலுக்கலோடு நின்றுவிடும்.

எண்ணெய் கசிந்த பழைய ஷாக் அப்சார்பரில் தணிப்பு 200 ஆகிவிட்டது என்போம். நடு உறுப்பு 12இலிருந்து 2 ஆகிறது. மெய்ப்பகுதி −1. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வீச்சு 73 சதவீதமாகத்தான் குறுகுகிறது, அதாவது நான்கில் மூன்று பங்கு அப்படியே தங்குகிறது. வண்டி குதித்துக்கொண்டே போகும். தணிப்பு 4000ஐத் தொட்டால் இரு மூலங்களும் ஒன்றாகி ஆட்டமே நின்றுவிடும். அதுதான் மாறுநிலைத் தணிப்பு. மூலங்கள் சமமாகும்போது ஏன் நேரத்தால் பெருக்கிய இரண்டாவது தீர்வு வருகிறது என்று கேட்டால், மிக அருகருகே உள்ள இரண்டு மூலங்களை எடுத்து, இரு தீர்வுகளின் வித்தியாசத்தை மூலங்களின் வித்தியாசத்தால் வகுத்துப் பாருங்கள். எல்லையில் அது மூலத்தைப் பொறுத்து எடுத்த வகைக்கெழு, அங்கிருந்துதான் அந்த நேரக் காரணி இறங்குகிறது.

மின்சுற்றில் மின்தூண்டிதான் நிறை, மின்தடைதான் எண்ணெய், மின்தேக்கியின் தலைகீழ்தான் வில். இந்த அட்டவணையை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். இரண்டு பாடங்களின் பாதிச் சுமை அதோடு இறங்கும்.

படி 4: வெளியிலிருந்து தள்ளினால்

வலப்பக்கம் பூச்சியம் இல்லை என்றால், வெளியிலிருந்து ஏதோ தள்ளுகிறது என்று பொருள். விடை எப்போதும் இரண்டு துண்டு. நிரப்புச் சார்பு, அமைப்பின் சொந்தக் குணம், விரைவில் அடங்கிவிடும். சிறப்புத் தீர்வு, தள்ளுகிறவர் தாளத்துக்கு ஆடுவது, கடைசிவரை நிற்கும். தள்ளுவது சைன் என்றால் சைனும் கொசைனும் கலந்த ஊகம். பல்லுறுப்புக்கோவை என்றால் அதே படியுள்ள பல்லுறுப்புக்கோவை. ஊகம் நிரப்புச் சார்போடு மோதினால் நேரத்தால் பெருக்க வேண்டும். மாறிலிகளைத் தொடக்க நிபந்தனையில் பொருத்துவது கடைசியில், இரண்டு துண்டையும் சேர்த்த பிறகுதான். இந்த வரிசையை மாற்றியதால் போன மதிப்பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம் பைக்கில் இயல்பு அதிர்வெண் வினாடிக்கு 3.2. சாலையில் 1 மீட்டர் இடைவெளியில் வரிவரியாக மேடுகள் இருந்தால், மணிக்கு 11.5 கிலோமீட்டர் வேகத்தில் ஒத்ததிர்வு வரும், அதாவது வெளித் தள்ளலும் இயல்பு அதிர்வும் ஒரே தாளத்தில் சேரும். நல்ல ஷாக் அப்சார்பர் என்றால் உடல் சாலையின் மேட்டைப் போல ஏறத்தாழ 2 மடங்கு ஆடும். பழையது என்றால் 10 மடங்கு.

இங்கே ஒரு தவறைத் திருத்திக்கொள்வது நல்லது. அமெரிக்காவின் டகோமா நேரோஸ் தொங்குபாலம் 1940 நவம்பர் 7 அன்று முறிந்து விழுந்ததை ஒத்ததிர்வுக்கு உதாரணமாகப் பல வகுப்புகளில் சொல்கிறார்கள். காற்று சரியான தாளத்தில் தள்ளவில்லை. அன்று காற்று ஏறத்தாழ ஒரே சீராக வீசியது. பாலம் முறுக்கிக்கொண்டபோது அந்த முறுக்கமே காற்றிலிருந்து ஆற்றலை உறிஞ்சியது. சமன்பாட்டின் மொழியில், வேகத்தோடு ஒட்டிய நடு உறுப்பின் குறி மாறிவிட்டது. எதிர்மறைத் தணிப்பு. மெய்ப்பகுதி மிகை எண்ணாகிவிட, வீச்சு அடுக்குக்குறி வேகத்தில் வளர்ந்தது. தணிப்பே இல்லாத ஒத்ததிர்வில்கூட வீச்சு நேரத்துக்கு நேர்விகிதத்தில்தான் வளரும். இரண்டும் வேறு வேறு நோய்கள்.

லண்டனின் மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூனில் திறந்து இரண்டே நாளில் மூடப்பட்டது. பாலம் பக்கவாட்டில் லேசாக அசைய, நடந்தவர்கள் விழாமலிருக்க அந்த அசைவுக்கேற்பக் காலை வைத்தார்கள், அது அசைவை இன்னும் வளர்த்தது. அங்கேயும் நடு உறுப்புதான் சிக்கல். ஏறத்தாழ 90 தணிப்பான்களைப் பொருத்தி 2002இல் மீண்டும் திறந்தார்கள். பொறியாளர்கள் செய்ததை ஒரே வரியில் சொல்லலாம்: நடு உறுப்பின் கெழுவைக் கூட்டினார்கள்.

படி 5: லாப்லாஸ் உருமாற்றம், தேவையான இடத்தில் மட்டும்

சுவிட்சைத் திடீரென்று போடுவது, சுத்தியலால் ஒரு தட்டு, பாதியில் நின்றுபோகும் விசை. இப்படிப்பட்ட வலப்பக்கங்களுக்கு, வகைக்கெழுச் சமன்பாட்டை இயற்கணிதச் சமன்பாடாக மாற்றித்தரும் லாப்லாஸ் உருமாற்றம் மிகவும் உதவும். தொடக்க நிபந்தனைகள் முதல் வரியிலேயே உள்ளே வந்துவிடும், வகைக்கெழு பெருக்கலாக மாறும், மிஞ்சுவது பகுதிப் பின்னம்தான். பின்னத்தின் பகுதியில் (கீழே) வரும் கோவை படி 3இல் பார்த்த அதே துணைச் சமன்பாடு என்பதைக் கவனியுங்கள். புதிய கணிதம் என்று பயப்பட எதுவும் இல்லை. எட்டு உருமாற்றங்களும் இரண்டு நகர்த்தல் தேற்றங்களும் மனதில் இருந்தால் போதும்.

படி 6: தொடர்கள். முடியாத கூட்டலை எப்போது நம்பலாம்?

இந்த இடத்தில் பலர் 'இது கணிதத் துறைக்காரர்களுக்கு, நமக்கில்லை' என்று ஒதுங்குகிறார்கள். அது பெரிய இழப்பு. கைக்கு எட்டும் சார்புகளால் தீர்க்க முடியாத சமன்பாடுகள்தான் அதிகம். அவற்றின் விடை தொடராகத்தான் வரும். அந்தத் தொடர் ஓர் எண்ணில் போய் நிற்குமா, அதாவது குவியுமா, என்று தெரியாமல் அதைப் பயன்படுத்த முடியாது.

1 + 1/2 + 1/3 + 1/4 என்று போகும் இசைத் தொடரை எடுங்கள். உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போகின்றன. 10 லட்சம் உறுப்புகளைக் கூட்டினாலும் 14.39தான். 20ஐத் தாண்ட 27 கோடிக்கும் மேற்பட்ட உறுப்புகள் வேண்டும். கணினியில் ஓட்டிப் பார்ப்பவர் இது எங்கோ நின்றுவிடும் என்றுதான் நினைப்பார். நிற்காது. 1/3 + 1/4 பாதிக்கு மேல். அடுத்த நான்கும் சேர்ந்து பாதிக்கு மேல். அடுத்த எட்டும் அப்படியே. பாதிகள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கின்றன. 14ஆம் நூற்றாண்டில் பிரான்சின் நிக்கோல் ஓரெம் சொன்ன வாதம் இது. உறுப்பு பூச்சியத்தை நோக்கிப் போவது குவிதலுக்குத் தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது.

அதே நூற்றாண்டில் கேரளத்தின் சங்கமகிராமத்து மாதவர் இன்னொரு தொடரில் உழைத்துக்கொண்டிருந்தார்: 1 − 1/3 + 1/5 − 1/7 + ... இது பையின் நான்கில் ஒரு பங்கில் குவியும். ஆனால் மிக மெதுவாக. ஐந்து உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கினால் 3.3397 வருகிறது, உண்மையான 3.1416இலிருந்து வெகுதூரம். மாதவரின் பெயரால் வரும் திருத்தம்தான் இங்கே முக்கியம். உறுப்புகளின் எண்ணிக்கையை, அதன் வர்க்கத்தின் 4 மடங்கோடு 1ஐக் கூட்டி வரும் எண்ணால் வகுங்கள். ஐந்து உறுப்புக்கு 5/101. நான்கால் பெருக்கினால் 0.1980. அதைக் கழித்தால் 3.14166. ஐந்தே உறுப்புகளில் பிழை பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. பொறியாளர் தொடரைப் பார்க்க வேண்டிய விதம் இது. குவிகிறதா என்பது முதல் கேள்வி. எவ்வளவு வேகமாக, நிறுத்திய இடத்தில் பிழை எவ்வளவு என்பது அடுத்த கேள்வி, பெரும்பாலும் அதுதான் முக்கியமானது. இந்தக் கணக்கை நோட்டில் ஒரு முறை நீங்களே போட்டுப் பாருங்கள்.

சோதனைகளைப் பொறுத்தவரை, முதலில் உறுப்பு பூச்சியத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். தொடர்பெருக்கமோ அடுக்குகளோ இருந்தால் விகிதச் சோதனை. வெறும் பின்ன அடுக்குகள் மட்டும் என்றால் விகிதச் சோதனை எப்போதும் 1ஐத் தந்து கைவிரித்துவிடும், ஒப்பீட்டுச் சோதனைக்குப் போக வேண்டும். குறி மாறி மாறி வந்தால் லைப்னிட்ஸ் சோதனை. அதில் விடும் பிழை, விட்ட முதல் உறுப்பைவிடக் குறைவு என்ற உறுதியும் சேர்ந்தே கிடைக்கிறது.

டெய்லர் தொடருக்கு ஓர் உதாரணம் போதும். ஊசலின் சமன்பாட்டில் கோணத்தின் சைனுக்குப் பதில் கோணத்தையே போடுகிறோம். அது டெய்லர் தொடரின் முதல் உறுப்பு. அடுத்த உறுப்பையும் சேர்த்தால் அலைவுநேரம், ரேடியனில் எடுத்த கோணத்தின் வர்க்கத்தில் 16இல் ஒரு பங்கு அளவுக்குக் கூடுகிறது. 10 டிகிரிக்கு அது 0.2 சதவீதம், 30 டிகிரிக்கு 1.7 சதவீதம். ஆய்வக ஏட்டில் 'சிறிய கோணம்' என்று எழுதுகிறோமே, எவ்வளவு சிறியது என்பதற்கு விடை இதுதான்.

படி 7: விடையை உறுப்பு உறுப்பாகக் கட்டுதல்

அடுக்குத் தொடர் முறையை விடை தெரிந்த சமன்பாட்டிலேயே முதலில் செய்யுங்கள். 'முடுக்கம் = −இடப்பெயர்ச்சி' என்பதை எடுத்து, விடையைத் தெரியாத கெழுக்களோடு ஓர் அடுக்குத் தொடராகப் போடுங்கள். இரண்டு முறை வகையிட்டு, ஒரே அடுக்குகளைச் சமன்படுத்தினால், ஒவ்வொரு கெழுவும் இரண்டு இடம் முந்திய கெழுவிலிருந்து பிறக்கும். 1இல் தொடங்கினால் −1/2, பிறகு 1/24. கொசைன் கண்முன்னே முளைக்கும். அதைப் பார்த்த பிறகு எய்ரி (Airy) சமன்பாட்டுக்கும் லெஜாந்தர் சமன்பாட்டுக்கும் போங்கள். கூட்டல் குறியீட்டின் கீழெல்லையை நகர்த்தும் இடத்தில்தான் பெரும்பாலான பிழைகள் வரும். முதல் நான்கு உறுப்புகளை விரித்து எழுதிவிட்டு நகர்த்துங்கள்.

குவிவு ஆரம் பற்றி ஒன்று. 1ஐ (1 + மாறியின் வர்க்கம்) வகுக்கும் சார்பு மெய்யெண் கோட்டில் எங்கும் உடைவதில்லை. ஆனால் பூச்சியத்தில் விரித்தால் அதன் தொடர் 1ஐத் தாண்டியதும் குவியாமல் போய்விடுகிறது. காரணம் கலப்பெண் தளத்தில், கற்பனை அச்சில் 1 அலகு தொலைவில் உடைவு ஒளிந்திருக்கிறது. வகைக்கெழுச் சமன்பாட்டிலும் கெழுக்கள் உடையும் மிக அருகான புள்ளி வரைக்கும் தொடரை நம்பலாம். தீர்க்கும் முன்பே ஆரத்துக்கான உத்தரவாதம் கைக்கு வந்துவிடுகிறது. உடைவுப் புள்ளியிலேயே விரிக்க வேண்டி வந்தால் ஃப்ரோபீனியஸ் முறை, முழு எண் அல்லாத அடுக்கில் தொடங்க இடம் தருவது.

படி 8: ஃபூரியர்

எந்தச் சார்பையும் சைன், கொசைன்களின் கூட்டலாக எழுதலாம் என்று சொல்லி, ஜோசஃப் ஃபூரியர் 1807இல் வெப்பம் பரவுவது பற்றிய தன் ஆய்வை பாரிஸில் சமர்ப்பித்தபோது லாக்ராஞ்ச் ஏற்கவில்லை. உடைந்து குதிக்கும் சார்பை வழுவழுப்பான சைன்களால் எப்படிக் கட்ட முடியும் என்பது நியாயமான சந்தேகம். நூலாக அது 1822இல்தான் வெளிவந்தது.

கரன்ட் போனால் ஓடும் பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் மின்விசிறி 'ம்ம்' என்று முனகுவதைக் கேட்டிருப்பீர்கள். சதுர அலையின் ஃபூரியர் தொடரில் 50 ஹெர்ட்ஸோடு, மூன்றில் ஒரு பங்கு வீச்சில் 150 ஹெர்ட்ஸும், ஐந்தில் ஒரு பங்கில் 250 ஹெர்ட்ஸும் இருக்கின்றன. அந்தக் கூடுதல் அதிர்வெண்கள்தான் முனகுகின்றன. ஒற்றைப்படை வர்க்கங்களின் தலைகீழ்க் கூட்டல் பை வர்க்கத்தில் 8இல் ஒரு பங்கு என்பதை, அலையின் ஆற்றலைக் கெழுக்களின் வர்க்கங்களோடு இணைக்கும் பார்செவல் தேற்றத்தோடு சேர்த்தால் மொத்த உருக்குலைவு 48 சதவீதம் என்று கிடைக்கும்.

அந்தத் தொடரில் அலையின் முதல் அரைச் சுழற்சியின் நடுப்புள்ளியைப் போட்டுப் பாருங்கள். 1 − 1/3 + 1/5 − 1/7. மாதவரின் தொடர் அப்படியே எழுந்து நிற்கும். முதல் முறை இதைப் பார்த்தபோது நான் நோட்டை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கணக்குப் போடும்போது, தொகையிடும் முன் சார்பு இரட்டையா ஒற்றையா என்று பாருங்கள், பாதி வேலை குறையும். விடை வந்த பிறகு கெழுக்கள் சிறுக்கும் வேகத்தைப் பாருங்கள். சார்பில் குதிப்பு இருந்தால் உறுப்பு எண்ணின் தலைகீழாகச் சிறுக்கும். முனை மட்டும் இருந்தால் அதன் வர்க்கத்தின் தலைகீழாக. முக்கோண அலைக்கு முதல் வகையில் விடை வந்தால் எங்கோ தவறு. குதிக்கும் இடத்தருகே எத்தனை உறுப்பு சேர்த்தாலும் குதிப்பின் உயரத்தில் ஏறத்தாழ 9 சதவீதம் மீறி எழும். கிப்ஸ் நிகழ்வு எனப்படும் இது உங்கள் நிரலின் பிழை இல்லை.

படி 9: கம்பியும் தோலும்

பகுதி வகைக்கெழுச் சமன்பாடு (இடம், காலம் என ஒன்றுக்கு மேற்பட்ட மாறிகளைப் பொறுத்து வகையிடுவது) என்றதும் பயப்பட வேண்டாம். வெப்பச் சமன்பாட்டின் வாக்கியம் இது: 'ஒரு புள்ளி தன் அக்கம்பக்கத்தின் சராசரியைவிட எவ்வளவு சூடோ, அவ்வளவு வேகமாக ஆறும்.' காபியின் வாக்கியம்தான், அறைக்குப் பதில் அக்கம்பக்கம். இடத்தையும் காலத்தையும் பிரித்தால், இடத்துக்குச் சைன்கள், காலத்துக்கு அடுக்குக்குறி. மூன்றாவது சைன் முதலாவதைவிட 9 மடங்கு வேகமாக அடங்கும். இரு முனைகளும் ஒரே குளிரில் வைத்த 1 மீட்டர் செம்புக் கம்பியில் முதல் சைனின் காலமாறிலி ஏறத்தாழ 15 நிமிடம், மூன்றாவதுக்கு 1 நிமிடம் 40 வினாடி. கொஞ்ச நேரத்தில் எந்த வடிவமும் ஒற்றைச் சைனாகிவிடும். அதனால்தான் நடைமுறையில் ஓர் உறுப்பே போதுமாகிறது.

தோற்கருவியின் வட்டத் தோலில் எல்லாமே ஒன்றுசேர்கிறது. அலைச் சமன்பாட்டை மாறிகள் பிரித்துத் தீர்த்தால் ஆரத்தின் திசையில் பெசல் சமன்பாடு வரும், அது ஃப்ரோபீனியஸ் முறையில் தீரும். விளிம்பு அசையக்கூடாது என்ற எல்லை நிபந்தனை பெசல் சார்புகளின் பூச்சியங்களைக் கேட்கும்: 2.405, 3.832, 5.136, 5.520. முதலாவதால் வகுத்தால் 1, 1.59, 2.14, 2.30. முழு எண்கள் இல்லை. சாதாரணத் தோற்கருவி சுருதி சேராமல் 'டம்' என்பதற்குக் காரணம் இந்த விகிதங்கள்.

மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கத் தோல்) மட்டும் சுருதியோடு பேசுகிறது. திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1920இல் இதைப் பற்றி எழுதினார். நடுவில் அப்பிய கருப்புக் கரணை தோலின் அடர்த்தியை மாற்றி, மேற்சுரங்களை 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்துக்கு அருகே இழுக்கிறது. வெறும் தோலில் 2.14, 2.30 என்று பிரிந்து நின்ற இரண்டும் கரணை ஏறியதும் மூன்றாம் சுரத்தில் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன.

கடைசிக் கணக்காக இதையே எடுத்துக்கொள்ளுங்கள். நடு வட்டத்தில் ஓர் அடர்த்தி, அதற்கு வெளியே வேறு அடர்த்தி. உள்ளே ஒரு பெசல் சார்பு போதும். வெளியே மையம் இல்லாததால் இரண்டாம் வகைப் பெசல் சார்பையும் சேர்க்க வேண்டும். கரணையின் விளிம்பில் இடப்பெயர்ச்சியும் சாய்வும் இரு பக்கமும் பொருந்த வேண்டும், தோலின் ஓரத்தில் பூச்சியமாக வேண்டும். மூன்று நிபந்தனை, ஓர் அணிக்கோவை. அதைப் பூச்சியமாக்கும் அதிர்வெண்களைக் கணினியில் தேடி, கரணையின் ஆரத்தையும் அடர்த்தியையும் மாற்றி மாற்றி, விகிதங்கள் 1, 2, 3க்கு எந்த இடத்தில் மிக அருகே வருகின்றன என்று பாருங்கள்.